நல்ல தண்ணி

அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே தொட்டியைப் பார்த்துவிடுவார்கள். கூடத்துச் சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு, நீல விளக்கைப் போட்டுக்கொண்டு அது நிற்கும். உள்ளே பாறை, பாறை மேல் பவளங்கள். பவளம் என்றால் மோதிரத்தில் வைக்கிற சிவப்புக் கல் இல்லையா என்று கேட்காத விருந்தாளி கிடையாது. மோதிரத்தில் இருப்பது செத்தது, இது உயிரோடு இருப்பது என்று அண்ணன் விளக்குவார். இதுகளும் சாப்பிடும், தூங்கும், வளரும், என்ன, வாடகை மட்டும்தான் தராது என்று சொல்லி ஒவ்வொரு தடவையும் அதே சிரிப்பைச் சிரிப்பார். வந்தவர்களும் சிரிப்பார்கள். ஈரத் துணியோடு பின்னால் நிற்கிற அத்தை சிரிக்கமாட்டாள். அந்தச் சிரிப்பில் தனக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும்.

அண்ணன் டைல்ஸ் கடை வைத்திருந்தார். வீடு கட்டுகிறவர்கள், கட்டிக் கொடுக்கிற கான்ட்ராக்டர்கள் எல்லோரையும் காப்பி என்ற சாக்கில் வீட்டுக்கு அழைத்துவந்து தொட்டிக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டால் பாதிப் பேச்சு முடிந்த மாதிரி. தொட்டியை வாங்கியது அவர்தான். வாங்கின புதிதில் ஒரு மழைக்காலம் முழுக்கத் தாங்கு தாங்கென்று தாங்கினார். பிறகு ஆசை விட்டுப்போனது. ஊரார் மூக்கில் விரலை வைக்கும்போது பக்கத்தில் நிற்கிற ஆசை மட்டும் மிச்சமிருந்தது. மூக்கில் விரலை வைக்கிற மாதிரி அதை வைத்திருந்தவள் அவருடைய தங்கை.

அவளை எல்லோரும் அத்தை என்றுதான் கூப்பிட்டார்கள். அண்ணன் மகள் கூப்பிட ஆரம்பித்தது. அந்தப் பெண் வெளியூரில் படிக்கப் போய்விட்டது, பெயர் வீட்டிலேயே தங்கிவிட்டது. பால் போடுகிறவருக்கும் பிளம்பருக்கும் அவள் அத்தை. அண்ணிக்கும் அத்தை. அண்ணன் காலம் கடந்து கல்யாணம் செய்துகொண்டவர் என்பதால் அண்ணி வயதில் அவளைவிடச் சின்னவள். முறையில் பெரியவள் ஒருத்தி, வயதில் பெரியவள் ஒருத்தி. ஆகவே இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் 'ங்க' போட்டுத்தான் பேசிக்கொள்வார்கள். கோபம் வரும்போது அந்த 'ங்க' இன்னும் கொஞ்சம் அழுத்தமாக விழும்.

அத்தை ஒரு காலத்தில் மூக்குக்கண்ணாடிக் கடையில் சில்லு தேய்க்கிற வேலையில் இருந்தாள். கடையை மூடினார்கள். அடுத்த வேலை கிடைக்கிற வரைக்கும் என்று சொல்லிப் பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். பெட்டி கட்டிலுக்கு அடியில் போனது, அதன் மேல் கிழிந்த போர்வைகள் ஏறின, வருஷங்கள் ஓடிவிட்டன. சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறவள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற பயத்தில்தான் முதலில் தொட்டியைத் துடைக்கப் போனாள். துடைக்கப் போனவள் அதோடு ஒட்டிக்கொண்டாள்.

காலையில் எழுந்ததும் தொட்டி முகத்தில்தான் விழிப்பாள். கண்ணாடியின் உள்பக்கம் படிந்த பச்சையைக் காந்தத் துடைப்பானால் இழுப்பாள். அடியில் அலமாரிக்குள் அழுக்கை நுரையாகப் பிரிக்கிற குழாய் ஒன்று உண்டு. அதன் கோப்பையில் தேங்குகிற பழுப்புத் தண்ணீரைக் கொட்டிக் கழுவுவாள். அந்த நாற்றத்துக்கு அண்ணி அடுக்களைக் கதவைச் சாத்திக்கொள்வாள். தொட்டியின் விளிம்பெல்லாம் உப்புப் பூத்துக் கிடக்கும், துடைக்கத் துடைக்கப் பூக்கும். கடைசியாக ஒரு சொட்டுத் தண்ணீரை எடுத்து உப்பை அளக்கிற குழாயில் விட்டு, மூடியை மூடி, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பாள். உள்ளே நீலமும் வெள்ளையும் சந்திக்கிற இடத்தில் கோடு நிற்கும். கோடு நிற்க வேண்டிய எண்ணுக்குப் பக்கத்தில் அவளே சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்திருந்தாள். கோடு புள்ளியில் நின்றால் அவளுக்கு அன்றைக்கு நல்ல நாள்.

பவளங்களுக்குப் பெயரும் வைத்திருந்தாள். வட்ட வட்டமாகக் கூட்டமாக இருப்பது பட்டன். தண்டின் முனை சுத்தியல் தலை மாதிரி இருந்து, நீரோட்டத்தில் ஆடிக்கொண்டே இருப்பது சுத்தியல். மடிப்பு மடிப்பாக உப்பிக் கிடப்பது மூளை. அந்த வீட்டில் இருக்கிற ஒரே மூளை அதுதான் என்று அண்ணன் சொல்வார். விருந்தாளிகள் அதற்கும் சிரிப்பார்கள்.

பின்கட்டு பால்கனியில் இரண்டு டிரம்கள் இருந்தன. வெள்ளை டிரம்மில் வடிகட்டுகிற மிஷினிலிருந்து வருகிற, உப்பே இல்லாத தண்ணீர். நீல டிரம்மில் அதே தண்ணீரில் கடல் உப்புப் பொடி கரைத்தது. தொட்டியில் தண்ணீர் தினமும் குறையும், வெயில் காலத்தில் நாளுக்கு ஒரு பக்கெட் போய்விடும். காற்றில் போவது தண்ணீர் மட்டும், உப்பு எங்கேயும் போகாது, அங்கேயே கிடக்கும். அதனால் குறைந்த அளவுக்கு வெள்ளை டிரம் தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். நீல டிரம், பழைய தண்ணீரில் கொஞ்சம் எடுத்துக் கொட்டிவிட்டுப் புதிதாக மாற்றும்போது மட்டும். இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு ஒன்றும் தேவையில்லை. ஒரு தடவை யாராவது சொன்னால் போதும்.

ஆனால் அந்த வீட்டில் தண்ணீருக்குப் பெயர் தலைகீழாக இருந்தது. தொட்டி வந்த முதல் நாள் அதை விற்ற வளர்ப்பு மீன் கடைக்காரர் உப்புக் கரைத்த தண்ணீரைக் காட்டி, இதுதான் இதுகளுக்கு நல்ல தண்ணி என்று சொல்லிவிட்டுப் போனார். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. நீல டிரம் நல்ல தண்ணி, வெள்ளை டிரம் மிஷின் தண்ணி. ஊர் உலகத்தில் எல்லோரும் குடிக்கிற தண்ணீரை நல்ல தண்ணி என்பார்கள், இந்த வீட்டில் மட்டும் வாயில் வைக்க முடியாததுக்கு அந்தப் பெயர். ஒரு தடவை அண்ணியின் அப்பா வந்திருந்தார். வெயிலில் வந்தவர், தாகம். நல்ல தண்ணி எங்கே என்று கேட்க, பரீட்சைப் படிப்பு நினைவிலேயே இருந்த அண்ணன் மகள், பால்கனியில் நீல டிரம் என்று சொல்லிவிட்டது. மனிதர் ஒரு சொம்பு மொண்டு மடமடவென்று குடித்து, பால்கனிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குடலே வெளியே வருகிற மாதிரி துப்பினார். வீடே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அத்தை சிரித்தது கொஞ்சம் அதிகப்படி. அண்ணி அப்பாவுக்கு மோர் கலந்து கொடுத்துவிட்டு அத்தையை ஒரு பார்வை பார்த்தாள்.

அண்ணிக்கும் தொட்டிக்கும் ஆகாது. அவள் ஆர்டருக்கு கேக் செய்கிறவள். தொட்டித் தண்ணீரைக் குளிர வைக்கிற மிஷின் இரவும் பகலும் அனல் காற்றைக் கூடத்தில் ஊதும். கேக் மேல் அவள் வைத்த கிரீம் ரோஜாக்கள் பெட்டிக்குள் போவதற்கு முன்பே தலையைத் தொங்கப் போடும். கூடத்தில் கேக் வகுப்பு நடத்த வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் எண்ணம். ஒரு நாள் மதியம் எல்லோரும் தூங்குகிறார்கள் என்று நினைத்து டேப்பை இழுத்துத் தொட்டி இருக்கிற சுவரை அளந்தாள். அத்தை கட்டிலில் படுத்தபடி அந்த டேப் சுருங்குகிற சத்தத்தைக் கேட்டாள்.

தொட்டிக்காகத் தண்ணீர் சுமந்து சுமந்தே அத்தைக்குக் குடலிறக்கம் வந்தது. அடிவயிற்றில் ஒரு உருண்டை. இருமினால் வெளியே வரும், படுத்தால் உள்ளே போகும். டாக்டர் ஆபரேஷன் என்றார், அதற்குப் பிறகு கனமான எதையும் தூக்கவே கூடாது என்றார். வீட்டுக்கு வந்ததும் அண்ணன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். குரலில் தேன் ஒழுகியது. அந்தக் குரலில்தான் அவர் உடைந்த டைல்ஸைத் தள்ளிவிடுவார் என்பது அத்தைக்குத் தெரியும்.

சிநேகிதர் ஒருவர் வேலைக்குப் போகிற பெண்களுக்கு ஹாஸ்டல் நடத்துகிறார், வார்டனாக ஆள் தேடுகிறார் என்று சொன்னார். அங்கேயே ஒரு அறை, அங்கேயே சாப்பாடு. உட்கார்ந்த வேலை. ஆபரேஷன் ஆன உடம்புக்கு அதுதான் தோது.

"தொட்டியை யாரு பாத்துக்கிறது?" என்றாள் அத்தை.

"அதான் யோசிச்சேன். நீ ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள உங்க அண்ணிக்கு எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துடு. அவ பாத்துக்கிட்டான்னா நீ நிம்மதியா ஹாஸ்டலுக்குப் போலாம். பாத்துக்கத் தெரியலைன்னா அப்புறம் யோசிப்போம்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அண்ணன் போகிற போக்கில் சொன்னார். அத்தை அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாளே பாடம் ஆரம்பித்தது. அண்ணி தடுமாறுவாள், மூக்கைப் பொத்திக்கொள்வாள், இரண்டாம் நாளே கை கழுவிவிடுவாள் என்று அத்தை எதிர்பார்த்தாள். அண்ணி அப்படிச் செய்யவில்லை. பவளங்களுக்குச் சாப்பாடு கொடுப்பது சிரிஞ்சில். கரைத்த இரையை ஒவ்வொன்றின் வாயருகில் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். கிரீம் பூ வைத்துப் பழகிய கை, நடுங்காமல் வந்தது. அத்தைக்குச் சிந்துகிற அளவுகூட அண்ணிக்குச் சிந்தவில்லை. மூளையின் விளிம்பிலிருந்து சின்னச் சின்னக் கைகள் எழுந்து இரையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டன. அத்தை கொடுக்கும்போதும் அதுகள் அப்படித்தான் எழும். யார் கை என்று அதுகளுக்கு என்ன தெரியும்? தெரியாது என்று தெரிந்தும் அத்தைக்கு வயிறெரிந்தது.

"இவ்வளவுதானா அத்தை?" என்று கேட்டாள் அண்ணி, சிரிஞ்சைக் கழுவிக்கொண்டே. கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற அன்று ஆட்டோ வாசலில் நின்றது. அண்ணன் பையை எடுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டார். அண்ணி தொட்டி பக்கத்தில் நின்று, தண்ணீர் குறைந்தால் என்ன செய்வது என்று கேட்டாள். கண்ணாடியில் ஒட்டியிருந்த டேப்பைக் காட்டி, இந்தக் கோட்டுக்குக் கீழே போனால் நல்ல தண்ணி ஊத்துங்க என்றாள் அத்தை.

ஊரில் எல்லோரும் சொல்கிற அர்த்தத்தில்தான் அந்தச் சொல் வாயில் வந்தது, உப்பில்லாத தண்ணீர் என்ற அர்த்தத்தில். வந்து விழுந்த பிறகுதான் அது இந்த வீட்டில் வேறு டிரம் என்பது உறைத்தது. திருத்திச் சொல்ல அரை நிமிஷம் போதும், வெள்ளை டிரம் என்று ஒரு வார்த்தை. அண்ணி தலையை ஆட்டி, "நீல டிரம் தானே, நல்ல தண்ணி" என்றாள். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். அத்தை அடிவயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு, "வரேங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.

ஆட்டோவில் போகும்போதே மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டாள். ஆபரேஷன் முடிந்து சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடலாம். அதற்குள் உப்புக் கொஞ்சம் ஏறும். பட்டன் மூடிக்கொள்ளும், சுத்தியல் சுருங்கும். அண்ணன் பதறுவார். தான் போய் மெதுவாக உப்பை இறக்கிச் சரி செய்வாள், எல்லாம் விரியும். அப்போது தெரியும் இந்த வீட்டுக்கு யார் வேண்டும் என்று. இதில் பாவம் ஒன்றும் இருப்பதாக அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. வார்டில் அவளுக்கு ஜன்னலோரக் கட்டில். காலையில் இட்லியும் ஆறின பாலும் வரும், அது வரும் நேரத்துக்கு அண்ணியின் போனும் வரும். உடம்பு எப்படி இருக்கு, தையல் வலிக்குதா என்று முறையாக விசாரிப்பாள். பிறகு தொட்டிக்கு வருவாள்.

"தண்ணி கோட்டுக்குக் கீழ போயிருக்குங்க. நல்ல தண்ணிதானே?"

"ஆமாங்க. நல்ல தண்ணிதான்."

மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். அதற்கடுத்த நாள் அண்ணி, பட்டன் எல்லாம் சரியாக விரியவில்லை, கண்ணை மூடிக்கொண்ட மாதிரி இருக்கிறது என்றாள். புதுக் கை பட்டால் அப்படித்தான் இருக்கும், பழகிவிடும் என்றாள் அத்தை. சொல்லிவிட்டுப் போனை வைத்தபோது மனசு லேசாக இருந்தது. பக்கத்துக் கட்டில் அம்மாளோடு அன்றைக்கு நிறையப் பேசினாள்.

வீட்டுக்கு அனுப்ப வேண்டிய நாளில் காய்ச்சல் வந்துவிட்டது. தையல் போட்ட இடத்தில் சீழ். கட்டைப் பிரித்தார்கள், அமுக்கினார்கள், மருந்து வைத்து மறுபடி கட்டினார்கள். இன்னும் சில நாள் இருக்க வேண்டும் என்றார் டாக்டர். அன்று மதியம் அத்தை போனைக் கையில் எடுத்தாள். கணக்கு தவறுகிறது என்று புரிந்துவிட்டது. இத்தனை நாள் உப்பு ஏறிக்கொண்டே போனால் சுத்தியல் தாங்காது. வெள்ளை டிரம், வெள்ளை டிரம் என்று சொல்லிவிட வேண்டும், எப்படிச் சொன்னேன் எதற்குச் சொன்னேன் என்பதை அப்புறம் பூசி மெழுகிக்கொள்ளலாம். எண்ணைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அண்ணன் ஆரஞ்சுப் பழப் பையோடு உள்ளே வந்தார்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவரே இரண்டு பழத்தை உரித்துத் தின்றார். கடையைப் பற்றிப் பேசினார். பிறகு சொன்னார்:

"தொட்டியைப் பத்திக் கவலைப்படாதே. உன் அண்ணி விடிஞ்சா அதுங்கிட்டதான் நிக்கிறா. நீகூட இப்படிப் பாக்கலை. நீ இல்லைன்னாலும் ஓடும் போலிருக்கு. ஹாஸ்டல்காரர்கிட்ட வர்ற மாசம்னு சொல்லிட்டேன்."

அத்தை போனைத் தலையணைக்கு அடியில் வைத்தாள். வலிக்கிறதா என்று அண்ணன் கேட்டார். இல்லை என்றாள். அவர் போன பிறகு ஆரஞ்சுத் தோலைப் பொறுக்கிக் கூடையில் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சாகட்டும் என்று நினைத்தாள். அப்படி வெளிப்படையாக நினைத்தது அதுதான் முதல் தடவை.

அப்புறம் வந்த போன்களில் அண்ணியின் குரல் இறங்கிக்கொண்டே போனது. சுத்தியல் ஆடவே இல்லை, உள்ளே போய்விட்டது என்றாள் ஒரு நாள். மூளை ஓரமெல்லாம் வெளுக்கிறது, தசை பிய்ந்து பிய்ந்து தண்ணீரில் மிதக்கிறது என்றாள் இன்னொரு நாள். ஒவ்வொரு நாளும் கடைசியில், மறக்காமல், அதே கேள்வி.

"நல்ல தண்ணிதானேங்க ஊத்தணும்?"

"ஆமாங்க."

"வேற ஒண்ணும் மாத்த வேண்டாமே?"

"வேண்டாங்க. நான் வந்து பாத்துக்கிறேன்."

அவள் வந்து பார்த்தபோது வாசலிலேயே நாற்றம் அடித்தது. மீன் கடையைக் கழுவாமல் பூட்டி வைத்துத் திறந்தால் வருமே, அந்த நாற்றம். ஜன்னல்களைத் திறந்து வைத்து, ஊதுவத்தியும் கொளுத்தி வைத்திருந்தார்கள். தொட்டித் தண்ணீர் கஞ்சி கலங்கின மாதிரி இருந்தது. சுத்தியல் இருந்த இடத்தில் வெறும் எலும்பு, வெள்ளை வெளேரென்று, மடிப்புகளோடு. மூளை மேல் பழுப்பு நிறத்தில் ஒரு வழவழப்பு. பட்டன் கூட்டம் கறுத்து ஒட்டிப்போய் இருந்தது. இரண்டு ஆரஞ்சு மீன்கள் மட்டும் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அத்தை கட்டுப் போட்ட வயிற்றோடு கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். இவ்வளவு ஆகும் என்று நினைக்கவில்லை. அழுகை வந்தது, நிஜமான அழுகை, யாருக்காகவும் வரவழைத்தது இல்லை. மூளையைக் கொட்டாங்கச்சி அளவில் வாங்கி வந்து தட்டு அளவுக்கு வளர்த்தவள் அவள்.

அண்ணன் முகம் கடுகடுவென்று இருந்தது. முந்தின நாள் பெரிய கான்ட்ராக்டர் ஒருவரைக் குடும்பத்தோடு அழைத்து வந்திருந்தார். அந்த அம்மாள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வாசலோடு திரும்பிவிட்டாளாம். அத்தையை உட்காரக்கூடச் சொல்லாமல் ஆரம்பித்தார்.

"என்னத்தை ஊத்தினே?" என்று மனைவியைக் கேட்டார்.

"நல்ல தண்ணி. அவங்க சொன்னதைத்தான் ஊத்தினேன். தினமும் போன் போட்டுக் கேட்டுத்தான் ஊத்தினேன், நீங்களும் பக்கத்துல இருந்தீங்கல்ல."

அண்ணன் தங்கை பக்கம் திரும்பினார். அவருக்கான பதிலை ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே அவள் தயாராக வைத்திருந்தாள்.

"நல்ல தண்ணின்னா ஊர்ல எல்லாருக்கும் என்னன்னு தெரியும் அண்ணே. குடிக்கிற மாதிரி, உப்பில்லாத தண்ணி. வெள்ளை டிரம். அண்ணி நீல டிரம்ல இருந்து ஊத்துவாங்கன்னு நான் கனவா கண்டேன்?"

"இந்த வீட்டுல நல்ல தண்ணின்னா நீலம்தான்னு சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்" என்றாள் அண்ணி. குரலை உயர்த்தவே இல்லை. "எங்கப்பாவுக்கே தெரியும்."

அண்ணன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு நிமிஷம் அவர் எதையோ கண்டுபிடித்துவிடுவார் போல இருந்தது. பிறகு, சலித்துப்போய், கையை உதறினார்.

"ரெண்டு பொம்பளைங்க இருக்கீங்க, ஒரு தண்ணி ஊத்தத் துப்பில்லை. எனக்கு இனிமே தொட்டியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். மீன் கடைக்காரனை வரச் சொல்லிட்டேன், மீனையும் மிஷினையும் எடுத்துக்கட்டும்."

"நான் சரி பண்ணிடுறேன் அண்ணே. பாறை நல்லாத்தான் இருக்கு. மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிச்சா…"

"எதைத் தூக்கி ஆரம்பிப்பே? வயித்தைக் கிழிச்சு வச்சிருக்காங்க." சட்டையை மாட்டிக்கொண்டே பேசினார். "இங்க பாரு. தொட்டி இருந்துச்சு, நீ இருந்தே. நானும் ஒண்ணும் சொல்லலை. இப்ப அது இல்லை. ஹாஸ்டல்ல இந்த வாரமே வரச் சொல்றாங்க."

கதவைச் சாத்திக்கொண்டு கடைக்குப் போனார். அத்தை முகத்தில் ஈயாடவில்லை. எந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு இத்தனை நாள் தொங்கினாளோ அது கையோடு பிய்ந்து வந்துவிட்டது. பாத்துக்கத் தெரியலைன்னா அப்புறம் யோசிப்போம் என்றவர், யோசிக்கவே இல்லை.

அண்ணி பழைய பக்கெட்டும் கரண்டியும் கொண்டுவந்து வைத்தாள். கையில் பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு, செத்ததை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப்போட ஆரம்பித்தாள். அவள் கைக்கு அந்த வேலையும் சுத்தமாக வந்தது. சுத்தியலின் எலும்பு பக்கெட்டில் விழுந்தபோது பீங்கான் விழுகிற சத்தம் கேட்டது. அத்தை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து உதவி செய்ய உடம்பு இடம் கொடுக்கவில்லை.

பிறகு அத்தைக்கு மனசு கேட்கவில்லை. தன்னைப் பற்றிப் பரிதாபப்பட்டு முடித்த கையோடு, எதிரில் குனிந்து நிற்கிறவள் மேலும் கொஞ்சம் வந்தது. பாவம், விடியற்காலையில் எழுந்து கண்ணும் கருத்துமாக ஊற்றியிருக்கிறாள்.

"நீங்க மனசுல வச்சுக்காதீங்க அண்ணி" என்றாள். "உங்க மேல தப்பு இல்லை. தெரியாம ஊத்திட்டீங்க."

அண்ணி நிமிர்ந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, வருத்தமும் இல்லை. கேக் வெந்துவிட்டதா என்று குத்திப் பார்க்கிறபோது இருக்குமே, அந்த முகம்.

"தெரியாமன்னு யாரு சொன்னது?"

அத்தைக்கு முதலில் விளங்கவில்லை.

"பட்டன் மூடிக்கிச்சுன்னு உங்ககிட்ட சொன்னேன்ல, அன்னிக்கே மீன் கடைக்காரருக்கும் போன் போட்டேன். குறைஞ்சதுக்கு உப்புத் தண்ணியா ஊத்துறீங்க, கொன்னுடுவீங்கம்மான்னு திட்டினார். உங்க உப்புக் குழாயையும் எடுத்துப் பாத்தேன். நீங்க வச்ச புள்ளியைத் தாண்டிப் போயிருந்துச்சு கோடு. நீங்க கத்துக் குடுத்ததுதானே."

"அப்புறம் ஏன்…" அத்தை நாற்காலியில் நிமிர்ந்தாள். "தெரிஞ்சுமா ஊத்தினீங்க?"

"நீங்க தெரிஞ்சுதானே சொன்னீங்க."

அண்ணி மறுபடி குனிந்து, மூளையைப் பாறையிலிருந்து கரண்டியால் நெம்பினாள். நெம்பிக்கொண்டே, அடுப்பில் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டு பேசுகிற மாதிரி, நிதானமாகப் பேசினாள்.

"வாய் தவறிச் சொல்லியிருப்பீங்கன்னுதான் முதல்ல நினைச்சேன். அதனாலதான் தினமும் கேட்டேன். நல்ல தண்ணிதானே, நல்ல தண்ணிதானேன்னு எத்தனை தடவை கேட்டேன்? ஒரே ஒரு நாள், இல்லைங்க வெள்ளை டிரம்னு சொல்லியிருந்தா அன்னிக்கே மாத்தி ஊத்தியிருப்பேன். ஹாஸ்டலும் வேண்டாம், அவங்க இங்கேயே இருக்கட்டும், தொட்டியை ரெண்டு பேருமா பாத்துக்கிறோம்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லலாம்னுகூட நினைச்சேன். எனக்கும் அதுங்களைப் புடிச்சுப்போச்சு. சிரிஞ்சை உள்ள விட்டா கையைத் தூக்கிக்கிட்டு வருதே, அது. நீங்க சொல்வீங்க சொல்வீங்கன்னு பாத்தேன். கடைசி வரைக்கும் சொல்லலை."

மூளை கழன்று வந்தது. பக்கெட்டில் மெதுவாக வைத்தாள்.

"சரி, இவங்களுக்கே வேண்டாம்னா நமக்கு எதுக்குன்னு ஊத்திட்டேன்" என்றாள். "எனக்கும் கூடம் வேணும்ல."

அத்தை நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டாள். இதை அண்ணனிடம் சொல்ல முடியாது. சொல்ல வேண்டுமென்றால் தன்னிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும். அது அண்ணிக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் இவ்வளவையும் ஒளிக்காமல் சொன்னாள். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டலாம், அழுதிருந்தால் பதிலுக்கு அழலாம். மரியாதை குறையாமல், 'ங்க' ஒன்றுகூட விடாமல் பேசுகிறவளிடம் என்ன செய்வது? தையல் போட்ட இடம் சுளீரென்றது. மாத்திரை நேரம் தாண்டியிருந்தது. பையைத் துழாவி மாத்திரையை எடுத்தாள்.

"அண்ணி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க."

அண்ணி கை உறையைக் கழற்றிப்போட்டாள். சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். அடுக்களைக்குள் போனவள் அங்கிருந்து குரல் கொடுத்தாள்.

"நல்ல தண்ணிதானேங்க?"

உள்ளே தம்ளர் எடுக்கிற சத்தம் கேட்டது. தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. அடுக்களையிலிருந்து பால்கனிக்குப் போகிற கதவு திறந்ததா, காற்றில் ஆடியதா என்று தெரியவில்லை. அண்ணி வந்து தம்ளரை நீட்டினாள். நீட்டிவிட்டு அங்கேயே நின்றாள். கண்ணாடித் தம்ளர். உள்ளே தெளிவான தண்ணீர். இரண்டு டிரம் தண்ணீரும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும் என்பது அத்தைக்குத் தெரியாததா. மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, நுனி நாக்கால் ஒரு சொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அவள் தொட்டுப் பார்த்ததை அண்ணி பார்த்தாள். பார்த்துவிட்டுப் பக்கெட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள்.

அந்த வாரக் கடைசியில் அத்தை பெட்டியோடு கிளம்பிப் போனாள். அதுவரை அந்த வீட்டில் அண்ணி கொடுத்த எந்தத் தம்ளரையும் நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்காமல் அவள் குடிக்கவில்லை. ஒரு தடவைகூட அதில் உப்பு இல்லை.